பின்னால் ஆளில்லாத வண்டி

ஒர்க்‌ஷாப் தெருவில் எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை தைப்பது அவள் தொழில். கடை என்று சொன்னால் பெரிய பேச்சு. ஒரு வண்டியை உள்ளே விட்டால் ஆள் வெளியே நிற்கவேண்டும். பழைய உறையைக் கட்டிங் பிளேயரால் பிய்த்து, அமுங்கிப்போன ஃபோமைச் சீவி, புதிது ஒட்டி, மேலே ரெக்சினை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பாள். இழுக்கிற இழுப்பில் முன்கை நரம்பு புடைத்து நிற்கும். ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் மொத்தத்தையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

"விடுங்கக்கா, உட்கார்ந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்று அவசரப்படுகிறவர்கள் கேட்பார்கள்.

"எந்திரிச்சா தெரியும்ல?" என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள். ஒரு நாளைக்கு அவள் பேசுகிற வார்த்தைகளை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம்.

அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்கென்றே வாய்த்தவர் போல இருந்தார் புருஷன். தபால்காரர். ஒரு வீட்டில் கடிதம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் முதல் வீட்டுக்காரரின் மூட்டுவலியையும் அவர் மருமகளின் நல்ல குணத்தையும் முழுசாகத் தெரிந்துகொண்டுவிடுவார். வண்டி ஓட்ட மட்டும் அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஓட்டுவாள், அவர் பின்னால் உட்காருவார்.

"என்ன சார், டிரைவர் வச்சிருக்கீங்களா?" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

"ஆமாம்பா. கோபம் வந்தா பாதி வழியில இறக்கி விட்டுடுவாங்க, அது ஒண்ணுதான் தொல்லை" என்று அவர் பின்சீட்டிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டு போவார்.

பிள்ளை இல்லை. முதலில் சில வருஷம் அதைப் பற்றி ஊர் பேசியது, பிறகு ஊருக்கே அலுத்துவிட்டது. இவர்களுக்கு விடுமுறை கிடைத்தால் போதும், பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடற்கரைச் சாலை, காட்டுச் சாலை, ஏரிக்கரைகள், யாரும் போகாத சின்னச் சின்ன ஊர்கள். ஊருக்குள் ஒவ்வொரு கதவும் தெரிந்த மனிதருக்கு, எல்லையைத் தாண்டினால் கிழக்கு மேற்கு தெரியாது. வலது என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டுவார். அவள் கண்ணாடியில் கையை மட்டும் பார்த்துக்கொள்வாள், வாயை நம்பமாட்டாள். பெரிய மலைகளை மட்டும் அவர் ஓய்வு பெற்ற பிறகு என்று தள்ளி வைத்திருந்தார்கள். "அவசர அவசரமா பார்க்கற இடமா அது? ஆற அமரப் போகணும்" என்பார்.

ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது ஒரு காலையில், அலுவலகத்தில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தவருக்குத் தரை எழும்பி முகத்துக்கு நேராக வந்தது. விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உள்காதில் கோளாறு என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றுமில்லை, மாத்திரை சாப்பிட்டால் அடங்கி இருக்கும், ஆனால் தலைசுற்றல் எப்போது வரும் என்று சொல்லமுடியாது. உயரமும் வளைவும் ஆகாது. இரண்டு சக்கர வண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

ஒரே ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத தெரு. அவர் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் திருப்பத்தில் வண்டி சாய்ந்ததும் அவரும் மூட்டை போல ஒரு பக்கமாகச் சரிந்தார். இரண்டு பேரும் விழுந்தார்கள். அவள் முழங்கையில் தோல் உரிந்தது. அவர் அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் தெருவில் உட்கார்ந்திருந்தார். அதோடு சரி. அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்தார். அவள் தனியாக வண்டியில் கடைக்குப் போனாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு தாடிக்காரர் தன் வண்டிக்கு சீட்டு மாற்ற வந்தார். வேன் ஓட்டிப் பிழைக்கிறவர். மலைப் பந்தயம் என்றால் பைத்தியம். அடிவாரத்தில் கிளம்பி, கணவாய் கணவாயாக ஏறி இறங்கி, மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் அதே அடிவாரத்துக்குத் திரும்பவேண்டும். அதற்குத் தாங்குகிற சீட்டாக வேண்டும் என்றார். சாப்பாடு கொண்டுவந்திருந்த தபால்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு துருவித் துருவிக் கேட்டார்.

"ரெண்டு பேரா போகலாமா?"

"மாட்டாங்க சார். தனியாதான் ஓட்டணும். பின்னால ஆள் இருந்தா சேர்த்துக்கவே மாட்டாங்க."

அதைக் கேட்டதும் தபால்காரரின் முகம் மலர்ந்தது. ஏன் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"நீ போயிட்டு வா."

"எங்க?"

"அந்தப் பந்தயத்துக்கு."

"உங்கள இங்க விட்டுட்டு நான் மட்டும் மலைக்குப் போறதா? என்ன பேச்சு பேசறீங்க?"

"சும்மா சுத்திப் பார்க்கப் போனாத்தான் என்ன விட்டுட்டுப் போற மாதிரி. பந்தயத்துல எனக்கு இடமே கிடையாது. காது நல்லா இருந்தாலும் கிடையாது. விதியே அப்படி." வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அதனால நீ என்னை விட்டுட்டுப் போனதா ஆகாது. புரியுதா?"

அவள் ஒரு மாசம் பிடி கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில் தொல்லை தாங்காமல்தான் பெயர் கொடுத்தாள். அப்படித்தான் தெருவில் சொல்லிக்கொண்டாள்.

தன் வண்டிக்கு அழுத்தமான ஃபோமில் புது சீட்டு தைத்துக்கொண்டாள். பின்சீட்டையும் சேர்த்தே தைத்தாள். அதன்மேல் பையைக் கட்டினாள். பையின் எடை எந்த மூலைக்கு? அடிவாரத்தை விட்டுக் கிளம்பியதும் வண்டி துள்ளியது. இத்தனை வருஷமாக அவள் பிரேக் பிடித்ததும் வளைவில் சாய்த்ததும் இரண்டு ஆள் கணக்குக்கு. இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் தேவைக்கு மேல் சாய்த்தாள், வண்டி அவளை உள்ளே இழுத்தது. குழியில் இறங்கும்போதெல்லாம் "பிடிச்சுக்கோங்க" என்று வாய் தானாகச் சொன்னது. ஹெல்மெட்டுக்குள் அது அவள் காதுக்கே திரும்பி வந்தது.

முதல் கணவாயில் சாலை என்று இருந்தது பாதி கல், பாதி தண்ணீர். உருகிய பனி ஓடையாகக் குறுக்கே பாய்ந்தது. கையுறைக்குள் விரல் மரத்துப்போனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினாள். இளைஞர்கள் சிலர் வழியில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். இவள் மாலையில் முதல் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பந்தய அட்டைகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"சொல்லு, சொல்லு. என்னெல்லாம் பார்த்தே?"

"ரோடு."

"அட, ரோடு தவிர?"

யோசித்தாள். "ரோட்டுல கல்லு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "மலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். குரல் தணிந்திருந்தது. நாள் முழுக்க மலைக்குள்தான் ஓட்டி வந்திருக்கிறாள், எந்த மலையும் கண்ணில் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

கூடாரத்து வாசலில் உட்கார்ந்து சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. கடற்கரைச் சாலையில் ஓட்டியபோது அவள் கடலைப் பார்த்ததே இல்லை. மணல் ஏறிய தாரைப் பார்த்தாள், எதிரே வந்த லாரியைப் பார்த்தாள். கடல் அன்று பச்சையாக இருந்தது, ஒரு படகு தலைகீழாகக் கிடந்தது, அதன்மேல் துணி காயப்போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் பின்னாலிருந்து வந்த குரல். காட்டில் மான் பார்த்ததும் அவர்தான். இத்தனை வருஷம் ஊர் ஊராகச் சுற்றியதில் அவளுக்கு ஞாபகம் இருப்பது அத்தனையும் அவர் சொல்லக் கேட்டது. இங்கே அவளுக்கு மலையைச் சொல்ல ஆளில்லை. அங்கே அவருக்கும் இல்லை. சூப்பு ஆறிப்போய் ஏடு கட்டியது.

மறுநாள் இரண்டாவது கணவாயின் உச்சியில் அவள் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் வந்த தாடிக்காரர் வேகத்தைக் குறைத்து, "என்னக்கா, பஞ்சரா?" என்று கத்தினார். "இல்ல, நீங்க போங்க" என்று கையை வீசினாள். அவர் போனார். அப்புறம் இன்னும் பல பேர் போனார்கள்.

பார்ப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதலில் காலடியைப் பார்த்தாள். கல்லிடுக்கில் ஊதா நிறத்தில் நகம் அளவுக்குப் பூ இருந்தது. பிறகு சரிவு, அதற்குக் கீழே ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிவப்பும் சாம்பலுமாக ஒரு மலை, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் வெள்ளையாக ஒன்று. மேகத்தின் நிழல் ஒரு சரிவில் ஏறி மறு சரிவில் இறங்கிப் போவதை, அது போய் மறையும்வரை பார்த்தாள். "அங்க பாருங்க" என்று திரும்பிச் சொன்னாள். பை இருந்தது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அதன்பிறகு அவளால் நிற்காமல் ஓட்ட முடியவில்லை. ஒரு பாலத்தில் நின்றாள். தூரத்தில் புள்ளி புள்ளியாக ஆடு மேய்ந்த சரிவுக்கு எதிரே நின்றாள். சிக்னல் கிடைத்த ஒரு சின்ன ஊரிலிருந்து அவரைக் கூப்பிட்டாள்.

"அந்த மலை இருக்குல்ல, உறையைப் பிய்ச்சுப் போட்ட பழைய சீட்டு மாதிரி இருக்குங்க. உள்ள அடுக்கு அடுக்கா தெரியுது. ஓரமெல்லாம் உதிருது. பெரிசுன்னா பெரிசு. நீங்க கத்தினா கூட அந்தப் பக்கம் கேக்காது."

மறுமுனையில் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ சொல்லு. நிறுத்தாத."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேச, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவள் அடிவாரத்துக்கு வந்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளருக்கு மனசு கேட்கவில்லை.

"கொஞ்சத்துல விட்டுட்டீங்களே அக்கா! வண்டி மக்கர் பண்ணிச்சா?"

"இல்லப்பா. பார்த்துட்டு இருந்துட்டேன்."

"எதை?"

"மலையை."

அவர் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். பதக்கம் கிடையாது, சூடாக டீ கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆற்றுக்கு என்ன நிறம், பாலம் மரமா இரும்பா, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது. சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னார். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "மலை எந்தப் பக்கம்?" என்றார். அவள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். தண்ணீர்த் தொட்டிகளும் துணிக்கொடிகளும் தவிர அங்கே ஒன்றும் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் திசையையே பார்த்தபடி நின்றார். சொல்லிச் சொல்லியே அவர் ஆசையைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தாள் அவள். கேட்கக் கேட்க அவருக்கு ஆசை கூடியதே ஒழியக் குறையவில்லை.

அடுத்த வருஷம் தாடிக்காரரின் வேனில் நடு சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஃபோமை அடுக்கி அவள் ஒரு படுக்கை தைத்தாள். ஆட்டம் தெரியாமல் இருக்க இரண்டு பக்கமும் திண்டு. அவரை அதில் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, கண்ணைத் துணியால் கட்டி மெதுவாக ஓட்டிப் போனார்கள். அவள் முன்னால் தன் வண்டியில் போனாள். நேர்ச்சாலை முடிகிற அடிவாரத்து ஊரில் இறக்கினார்கள். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார். வெள்ளைச் சிகரங்கள் மேகத்துக்கு மேலே, வெகு தொலைவில் இருந்தன.

"அவ்ளோ தூரமா?" என்றார்.

இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்ப்போம் என்று பிடிவாதம் பிடித்தார். முதல் வளைவை வேன் தாண்டியது. இரண்டாவதில் வாந்தி எடுத்தார், மூன்றாவதில் தரையும் வானமும் இடம் மாறிவிட்டன என்று அலறினார். திருப்பிக்கொண்டு வந்து விடுதி வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். முகம் வெளுத்து, சட்டை நனைந்து, அரை நாள் கழித்துத்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"நான் இவ்ளோதான். நீ ஏறிட்டு வா. தெரியற வரைக்கும் பார்த்துட்டு இருக்கேன்."

"நீங்க இல்லாம இனிமே எனக்கு ஒரு மலையும் வேண்டாம்."

"எனக்கு வேணும்டி" என்றார்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். சாலை மலையின் முகத்தில் மடிந்து மடிந்து ஏறியது. வெயில் நன்றாக இருந்தது. நாலைந்து வளைவு ஏறியதும் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தாள். விடுதிக் கூரை ஒரு தகடு போலத் தெரிந்தது. வாசலில் ஆட்கள் எறும்பளவுக்கு இருந்தார்கள். ஒன்று நகர்ந்தது, ஒன்று அப்படியே இருந்தது, இன்னொன்று கையைத் தூக்கியது போல இருந்தது. அதில் எது அவர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கி, தோள் வலிக்கிற வரைக்கும் ஆட்டினாள். பிறகு மாட்டிக்கொண்டு கியரைப் போட்டாள்.