சின்னம்மா வந்த மதியம்

வெள்ளைக்காரத் துரை காலத்தில், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அம்மாவின் தங்கை காய்ச்சலில் செத்துப்போனாள். எள்ளுருண்டை என்றால் சின்னம்மாவுக்கு உயிர். அதனால் அவள் திதிக்கு எள்ளுருண்டை வைத்துத்தான் படைப்போம். முதல் வருசம் ஒரு உருண்டையில் பாதி தின்ற அக்காவுக்கு உதடு தடித்து, உடம்பெல்லாம் அரித்தது. "சின்னம்மா தொட்டுப் பாத்துட்டுப் போறா" என்றாள் அம்மா. பாசமாம்! நல்ல பாசம்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. பனி நாளில் அவளுக்கு மூச்சு இழைப்பு வரும். மறுவருசத் திதியன்று ஒரு உருண்டையை முழுசாகத் தின்றுவிட்டு, மத்தியான வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கொழுந்து பறிக்கிற மலைக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் நாலு பெண்கள் அவளைத் தூக்கி வந்தார்கள்.

அது அக்காவின் முகமே இல்லை. கண்கள் வீங்கிக் கீற்றாகியிருந்தன. குரல் கரகரத்து எங்கிருந்தோ வந்தது. மாமா சாம்பிராணி போட்டு, "யாரு வந்திருக்கீங்க? சொல்லுங்க" என்று கேட்டார்.

"முடியல..."

சின்னம்மா சாகும்போது சொன்ன அதே சொல்! "தங்கச்சி, எம்புள்ளைய விட்டுரும்மா" என்று அம்மா அலறினாள். டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகலாமா என்று அப்பா மெல்ல இழுத்தார். "பேய்க்கு மருந்தா மச்சான்?" என்று மாமா அடக்கிவிட்டார். "அவளுக்கு ஆசை தீரல. இன்னொரு உருண்டை குடுங்க."

பெரியவர்கள் நீட்டியதை அக்கா தட்டிவிட்டாள். சின்னம்மாவுக்கு என்மேல்தான் கொள்ளைப் பிரியம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "சாப்பிடுங்க சின்னம்மா" என்று உருண்டையை வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டியது அந்த முகம். கீற்றுக் கண்ணால் என்னையே பார்த்தது. பயத்தில் விரலால் உள்ளே திணித்துவிட்டேன்.

கொழுந்து நிறுக்க ஆட்கள் இறங்கி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. சின்னம்மா கூட்டிக்கிட்டுப் போயிட்டா என்று லயமே அழுதது.

இருபது வருசம் கழித்துக் கண்டியில் ஒரு டொக்டர் விளக்கினார். சிலர் உடம்புக்கு எள்ளே ஆகாதாம். ஒருமுறை அரிப்போடு போனது அடுத்தமுறை உயிரையே கேட்கலாமாம். இழைப்புக்காரர் தின்றுவிட்டு மலையேறி ஓடினால் இன்னும் மோசமாம். பாவம் சின்னம்மா, அவள் வரவேயில்லை.

அன்று அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பேய்கூட அழுமா என்று நினைத்தேன். வேண்டாம் வேண்டாமென்று என்னிடம் கெஞ்சியது என் அக்காதான் என்று எனக்குத் தெரியவில்லை.