தீட்டப்பட்ட நாற்பத்தொரு கற்கோடரிகள்

பிப்ரவரி 4: கற்கோடரி 6.
பிப்ரவரி 19: 14.
மார்ச் 7: 21.
மொத்தம் 41.
மார்ச் 9: ஆய்வுக்குத் தகுந்தவை 0.

நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலைமேட்டில் பயிர் செய்தவர்களின் குடியிருப்பைத் தோண்டியபோது பதிவேடு எழுதியவன் நான். தோண்டியவர்களில் மூத்தவர் உளியார். குவாரியில் கல் கொத்திப் பழகிய கை. ஒன்பது ஆண்டு தினக்கூலிக்குப் பிறகு அவருக்குக் காவலர் வேலை நிரந்தரமாகக் கிடைக்க இருந்தது. கூடவே ஓர் அறை. கல் அரைக்கும் ஆலையை ஒட்டிய கொட்டகையில் தூசி தின்று மூச்சிரைக்கும் மனைவியை அங்கே கொண்டுவந்துவிடலாம்.

மாலைதோறும் பட்டியலை உரக்கப் படித்துச் சரிபார்ப்பேன். "கோடரி ஒன்று, முனை மழுங்கல். கோடரி இரண்டு, முனை மழுங்கல்."

"எல்லாமே மழுங்கலா சார்?" என்றார் உளியார்.

"எல்லாமே."

அந்த மழுங்கலை வைத்துத்தான் அந்தக் காலத்தவர்கள் மரம் வெட்டினார்களா, மண் கொத்தினார்களா என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பார்கள். அதை நான் உளியாரிடம் சொல்லவில்லை.

மார்ச் 8 ஞாயிறு. கழுவி வைக்கச் சொன்ன கோடரிகளை உளியார் நாள் முழுவதும் தண்ணீர் தொட்டுத் தீட்டினார். மறுநாள் தட்டோடு அகழாய்வு அதிகாரி முன் வந்து நின்றார்.

"ஐயா, இப்ப மீசையே மழிக்கலாம்."

அதிகாரி கத்தவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லீங்க. சார் தினமும் மழுங்கல் மழுங்கல்னு படிச்சாரு, மனசு கேக்கல."

"பெருசு, உனக்குக் காவல் வேலை வேணுமா? உன்கிட்டேருந்து காப்பாத்தத்தான் ஆள் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு கோடரியாக எடுத்து, "நான் கெடுத்தேன்" என்று சொல்லி வைக்கச் சொன்னார் அதிகாரி. பன்னிரண்டாவதுக்குப் பிறகு சிரிப்பு நின்றது. நாற்பத்தொன்று வரை எண்ணிக் குறித்தவன் நான்.

மார்ச் 16 அன்று உளியாரின் மனைவி வந்தார். "அண்ணே, அந்தக் காவல் வேலையக் கேட்டு ஒரு மனு எழுதிக் குடுங்கண்ணே. தப்புன்னு அவருக்குத் தெரியாது."

எழுதிக் கொடுத்தேன். ஏப்ரல் 20 அன்று தலைமை அலுவலகம் என்னைக் கேட்டது: மழுங்கலைத் தொடக்கூடாது என்று இவருக்கு யாராவது சொன்னார்களா? "இல்லை" என்று ஒரு சொல் எழுதினால் போதும். பழி என் மேல் விழும். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. மே 25 அன்று மறுபடி கேட்டார்கள். இரண்டு கடிதங்களையும் தபால் வரவுப் பதிவேட்டில் ஏற்றிக் கோப்பில் வைத்தேன்.

"பதில் வந்துச்சாண்ணே?" என்று வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் வரவில்லை என்றேன்.

உரிய விளக்கம் கிடைக்காததால் மனு தள்ளுபடி என்ற கடைசிக் கடிதம் வந்த நாள் ஜூலை 30.