ஜெட்டியில் இரண்டாவது வரிசை

போன வருடம் மழைக்காலத்தில், அந்தமானின் ஹேவ்லாக் தீவில் நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில், ஒரு விருந்தினரின் பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பாஸ்போர்ட் எகிப்து, வீட்டு முகவரி ஒரு வளைகுடா நாடு. அங்கே இன்ஜினீயராம். மனைவியும், பள்ளியில் படிக்கும் மகளும் கூட வந்திருந்தார்கள்.

பொருளாதாரம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தவள் நான். அரபு நாட்டிலிருந்து இன்னொரு அரபு நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பற்றி எழுதினால் என்ன? ஒரே மொழி, பக்கத்து நாடு. அங்கே போகும் நம் ஆட்களுக்கு இருக்கிற அந்நியம் அவர்களுக்கு இருக்காது என்று நானே முடிவும் கட்டிவிட்டேன்.

அதற்குள் கடல் கெட்டது. போட் எல்லாம் நின்றுபோயின. இன்ஜினீயரின் முகம் வாடிக்கொண்டே வந்தது. குறித்த நாளில் வேலையில் சேராவிட்டால் வேலை போகும். வேலை போனால் மூவருமே அந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றார். மகள் பிறந்ததே அங்கேதான்.

ஒரு வழியாகப் போர்ட் பிளேருக்கு அரசு போட் ஒன்று விட்டார்கள். ஜெட்டியில் எப்போதும் போல இரண்டு வரிசை: தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டு உள்ளவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. நான் போர்ட் பிளேர் லம்பா லைனில் பிறந்தவள். என் கார்டை நீட்டி, அந்த மூவருக்கும் டிக்கெட் கேட்டேன்.

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கார்டு உன்னுது. இவரு எந்தத் தீவு மாமாம்மா உனக்கு?"

வரிசையே சிரித்தது. நான் இன்ஜினீயரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை. அங்கேயும் எனக்கு இந்த வரிசைதான்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது வரிசையில் போய் நின்றார்.

அவருக்கு முன்னால் நின்றவர் எங்கள் ரிசார்ட் சமையல்கார அண்ணன். ராமநாதபுரத்துக்காரர். பல வருடமாக இங்கேதான் இருக்கிறார், ஆனாலும் கார்டு இல்லை. லீவில் ஊருக்குப் போகப் போர்ட் பிளேரில் சென்னைக் கப்பலைப் பிடிக்க வேண்டும். அண்ணன் டிக்கெட் ஜன்னலுக்குப் போனபோது ஒரே ஒரு இடம்தான் மிச்சம்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "இந்த ஆளுக்கு வேலை போயிருமா?"

"போயிரும்ணே."

"சரி, போகச் சொல்லு."

"உங்க கப்பல்?"

"அடுத்தது வராமயா போயிரும்?" பையைத் தோளில் போட்டுக்கொண்டு விலகி நின்றார். அடுத்த கப்பல் எப்போது என்று இங்கே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்ஜினீயர் மட்டும் போனார். மனைவியும் மகளும் எங்களோடு ரிசார்ட்டுக்குத் திரும்பினார்கள். அண்ணன் சமையலறைக்குள் நுழைந்ததும், "லீவு போச்சு. வெங்காயத்தை எடு" என்றார்.

சாப்பிடும்போது அவருடைய மகள் என்னிடம் கேட்டாள். "நீங்க இங்கேயே பிறந்தவங்களா? அப்போ உங்களை யாரும் போகச் சொல்ல மாட்டாங்க, இல்லையா?"

தலையாட்டிவிட்டு, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அடுத்த போட்டில் அவர்களும் போனார்கள். வேலை தப்பியது என்று செய்தி வந்தது. அண்ணனின் லீவுதான் தள்ளிக்கொண்டே போய், போன வாரம்தான் கப்பல் ஏறினார். ஆராய்ச்சிக்கு நான் எழுதி வைத்திருந்ததையெல்லாம் அடித்துவிட்டேன். தலைப்பை மட்டும் விடவில்லை. அண்ணன் திரும்பி வந்ததும் முதல் கேள்வியை அவரிடம்தான் கேட்கப் போகிறேன்; இத்தனை வருடம் அதே ஜெட்டியில் நின்றும், அன்றுவரை அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று நான் பார்த்ததே இல்லை.