குறட்டையே விடாத செண்பகத்துக்கு என் பேத்தி மாட்டிய மிஷின்

இன்று பஜனையில் செண்பகம் தூங்கவில்லை!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? டெல்லியில் எங்கள் மயூர் விஹார் சொசைட்டியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தாளம் தட்டிக்கொண்டே தூங்குகிறவள் அவள். (தாளம் மட்டும் தப்பாது!)

என் ஊர்ப்பக்கத்துக்காரி. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கனடாவில். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறாள்.

குளிர்காலத்தில் ஒருநாள் மத்தியானம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். கருகல் வாடை வந்து, நாங்கள் கதவை இடித்த இடியில்தான் எழுந்தாள்.

"வயசாயிட்டுல்லா யக்கா" என்றாள். (என்னைவிடச் சின்னவள்!)

எல்லோரும் சிரித்தோம். என் பேத்தி நிவேதா மட்டும் சிரிக்கவில்லை.

நிவேதா டாக்டர். (பெருமையாகத்தான் சொல்கிறேன்! ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி!) ஸ்லீப் அப்னியா என்று ஒரு நோய். அதில்தான் அவளுக்கு ஆராய்ச்சி.

தூங்கும்போது தொண்டை தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளுமாம். மூச்சு நிற்கும். மூளை பதறிப்போய் உசுப்பிவிடும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. தூங்குகிறவருக்கு ஒன்றுமே தெரியாது! குறட்டையும் பகலில் தூங்கி விழுவதும்தான் அடையாளமாம். அப்படியே விட்டால் பிரஷர், இதயம் எல்லாவற்றுக்கும் கேடு.

தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க இத்தனை படிப்பா என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அவளே கேட்டாள்.

"ஆச்சி, எங்க லேபுக்கு வர்றது எல்லாம் ஆம்பளைங்கதான். ஏன் சொல்லு?"

"அவங்கதானே குறட்டை விடுதாங்க?"

"அரே, இல்ல ஆச்சி! பொண்டாட்டி கூட்டிட்டு வர்றா. இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது, பயமா இருக்குன்னு சொல்றா. பொம்பளைய யாரு கூட்டிட்டு வருவா? தனியா தூங்குறவங்களுக்கு மூச்சு நின்னா, யாரு பார்த்துச் சொல்வா?"

எனக்கு மூன்றாம் மாடிதான் நினைவுக்கு வந்தது.

தனியாகத் தூங்கும் பெண்களைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். மூச்சைப் பதிவு செய்ய, வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் மிஷின். விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. அவ்வளவுதான். ஆனால் ஒருத்தியும் அகப்படவில்லை!

பஜனை முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் நடுவில் வந்து நின்றாள். "ஆன்ட்டி, உங்கள்ல யாராவது குறட்டை விடுவீங்களா?"

யார் வீட்டு நகையையோ காணோம் என்று கேட்டதுபோல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

செண்பகத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "சீ! பொம்பளை குறட்டை விடுவாளா? எங்கம்மா என்னைய அப்படி வளக்கல!"

நிவேதாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். அடுப்படி ஸ்டூலும் கண்ணில் வந்து நின்றது. எழுந்துவிட்டேன்.

"நான் விடுவேன்! எங்க வீட்டுக்காரரு ரஜாய்ப் போர்வையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கே ஓடிருவாரு, தெரியுமா?"

பஜனை மண்டலியே சிரித்தது. (என் மருமகள் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.)

"ஏட்டி நிவி, மொத மிஷின் எனக்கு. ரெண்டாவது செண்பகத்துக்கு. குறட்டை இல்லன்னு அவளே காட்டட்டும்!"

செண்பகம் ரோஷக்காரி. "கொண்டா அந்த மிஷின! பாத்துருவோம்!"

பார்த்தோம்.

எனக்குக் குறட்டை பலம், மூச்சில் ஒரு குறையும் இல்லை. செண்பகத்துக்கோ மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது. ஆக்சிஜனும் மிகவும் இறங்கியிருந்தது.

அன்றைக்கே நிவேதா அவளைத் தன் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். தூங்கும்போது காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் மிஷின் ஒன்று கொடுத்தார்கள். மாஸ்க்கோடு.

"யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று கழற்றி எறிந்தாள் செண்பகம். வேலை முடிந்து வரும்போதெல்லாம் நிவேதா மூன்றாம் மாடி ஏறினாள். வாரைத் தளர்த்தினாள், மாஸ்க்கை மாற்றினாள், திட்டு வாங்கினாள், மறுநாளும் போனாள். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை என் பிள்ளை!

இன்று பஜனை முடிந்ததும் செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, காலைல முழிச்சா தலைவலி இல்ல. தலைவலியோடதான் எல்லாரும் முழிப்பாங்கன்னு இத்தனை வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன்!"

அதைக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், நிவேதா எப்போது வீட்டில் இருப்பாள் என்று என்னிடம் ரகசியமாய் விசாரித்தார்கள். (பெயரைச் சொல்ல மாட்டேன்!)

ஊரில் உங்கள் அம்மா தனியாகத்தான் தூங்குகிறாரா? அடுத்த முறை போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்பதோடு இன்னொன்றும் கேட்பீர்களா?

"காலையில எந்திரிச்சா எப்படி இருக்கும்மா?"