சென்டர் ஃபார்வர்டின் முழங்காலுக்கு நான் எழுதிய மனு

வாழ்நாளில் நான் ஒரு முறைகூடக் கால்பந்தை உதைத்ததில்லை. இருந்தாலும் எண்பத்திரண்டாம் வருடம், ஸ்பெயினில் உலகக் கோப்பை நடந்த அந்தக் கோடையில், டெல்லியில் ஒரு நல்ல ஆட்டக்காரனை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றியது நான்தான். எதிரணித் தடிப்பயல்கள் மூன்று சீசன்களாக முயன்றும் முடியாததை ஒன்றரைப் பக்க ஆங்கிலத்தில் முடித்தேன்.

அப்போது லோதி ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தேன். கரோல் பாகில் மொட்டைமாடி அறை, கல்யாணம் ஆகவில்லை, புத்தகம் நிறையப் படித்திருந்தேன். அதை ஒரு தகுதி என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் செக்‌ஷன் ஆபீசர் (எஸ்.ஓ.) ஒரு பஞ்சாபி. என் வரைவுகளைப் பக்கத்துப் பிரிவுகளுக்கு எடுத்துப்போய், "தேக்கோ, இதைப் பாருங்கள், மதராஸி பாபுவின் இங்கிலீஷ்!" என்று வாசித்துக் காட்டுவார். அவர் திரும்பி வரும்வரை நான் ஃபைலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அடக்கமாக இருப்பதுபோல் நடிப்பேன்.

எங்களைப் போன்ற தமிழ்க் குமாஸ்தாக்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மனுவில் உள்ளதை உள்ளபடி எழுத மாட்டோம். ஜலதோஷத்துக்கு இரண்டு நாள் லீவு வேண்டுமென்றால் டைபாய்டின் வாசல்வரை போய்வர வேண்டும். ஊரில் அப்பாவுக்குக் கால் சுளுக்கினால் படுத்த படுக்கை. எழுதுகிறவனுக்கும் அது பொய்யென்று தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். கையெழுத்து விழுந்துவிடும். இந்த ஏற்பாட்டில் ஒரு ஆபத்து இருந்ததை நான் யோசிக்கவில்லை. படிக்கிறவன் தனக்குச் சௌகரியமான ஒரு நாளில் அதை நம்பித் தொலைக்கலாம்.

எங்கள் சென்டர் ஃபார்வர்டு வடசென்னைக்காரன், இருபத்துநான்கு வயது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்கப்பட்டவன். பகலில் டெஸ்பாட்ச் பிரிவில் உறைகளுக்கு நம்பர் போடுவான். நான்கு மணிக்குமேல் அலுவலகத்துக்காகப் பந்தாடுவான். வேலை இன்னும் தற்காலிகம்தான். மனைவியோடு முனிர்காவில் ஒற்றை அறையில் இருந்தான். ஏப்ரலில் இலாகாக்களுக்கு இடையிலான ஆட்டத்தில் முழங்கால் திருகிக்கொண்டது. தொடைவரை கட்டு. இருந்த லீவெல்லாம் மே மாதத்தோடு தீர்ந்தது. ஜூன் முதல் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான்.

"சார், டாக்டர் ஆறு மாசம் கால வச்சிகினு சும்மா இருன்னுட்டாரு. அப்பால பழையபடி ஓடலாமாம். ஸ்பெஷல் லீவுக்கு நீங்க ஒரு அப்ளிகேஷன் எழுதிக் குடுங்க சார்."

"ஆறு மாசத்துல சரியாயிடும்னு எழுதினா எவன்ப்பா நிமிர்ந்து பார்ப்பான்? பார்க்கற மாதிரி எழுதறேன்."

"இன்னாவோ சார், நீங்க படிச்சவரு. பாத்து செய்ங்க."

பார்த்துத்தான் செய்தேன். இந்த மனிதன் இனி ஒருபோதும் மைதானத்தில் கால்வைக்க முடியாது என்று எழுதினேன். அலுவலகத்தின் புகழுக்காகத் தன் இளமையையே பலியிட்டுவிட்டான் என்றேன். அணைந்த விளக்கு ஒன்றும் சிறகொடிந்த பறவை ஒன்றும் வந்தன. கடைசிப் பத்தியை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: அந்த அழுகை அவனுக்காக அல்ல, அந்த வாக்கியங்களின் அழகுக்காக. டாக்டர் சொன்ன ஆறு மாதத்தை எங்கும் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஓட்டம் கெட்டுவிடும் என்று தோன்றியது. மறுநாள் அவன் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்த ஜூனில் டெல்லி முழுவதையும் வெட்டிப் போட்டிருந்தார்கள். நவம்பரில் வரப்போகும் ஆசிய விளையாட்டுக்காகப் பாலம், ரோடு, ஸ்டேடியம். பஸ்ஸில் வந்து இறங்கினால் சட்டைப் பையில் ஒரு பிடி மண் இருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் திடீரென்று கால்பந்து நிபுணர்கள் ஆகியிருந்தார்கள். எங்கள் செக்‌ஷன் ஆபீசர் காலையில் பேப்பரைப் படித்துவிட்டுப் பதினோரு மணிக்குப் பிரேசிலின் பயிற்சியாளர் ஆகிவிடுவார். இத்தாலியை யாரும் மதிக்கவில்லை. முதல் மூன்று ஆட்டத்திலும் சமன் செய்துவிட்டு எப்படியோ அடுத்த சுற்றுக்கு ஒட்டிக்கொண்டு வந்த அணி.

அப்படிப்பட்ட ஒரு பதினோரு மணிக்குத்தான் அவர் என்னைக் கூப்பிட்டார். சென்டர் ஃபார்வர்டின் மனு அவர் முன்னால் விரிந்திருந்தது.

"பாபு, என்ன எழுத்து! படித்ததும் மனசு கனத்துவிட்டது" என்றார் இந்தியில். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனால் ஒரு விஷயம். இந்தப் பையனை எதற்கு எடுத்தோம்?"

"ஃபுட்பால் ஆட, சாப்."

"அச்சா. இனி ஒருபோதும் ஆட முடியாது என்று அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அப்புறம் எதற்கு வைத்திருக்கிறோம் என்று மேலே கேட்டால் நான் என்ன சொல்ல? அவனை வேலையிலிருந்து எடுக்க நோட் போட்டுக் கொண்டுவா."

"சாப், அது கொஞ்சம் மிகைப்படுத்தி… எல்லாரும் எழுதுவதுதானே. டாக்டர் ஆறு மாதம்தான் சொல்லியிருக்கிறார்."

"ஓஹோ, அரசாங்கத்துக்குப் பொய் எழுதினான் என்கிறாயா? அது இன்னும் மோசம். நன்னடத்தை விதியில் வரும். எதைப் போடலாம், நீயே சொல்."

ஆட முடியாது என்றால் வேலை போகும். முடியும் என்றால் பொய்யன், அப்போதும் போகும். எழுதியது நான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பதவி உயர்வு நின்றிருக்கும், அவ்வளவுதான். அவர் மேஜைக்கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்து உட்கார்ந்து நோட் போட்டேன். அதுவும் நன்றாகத்தான் வந்தது.

ஃபைல் மாடிக்குப் போயிற்று. அது அங்கே இருந்த நாட்களில்தான் இத்தாலி பிரேசிலை மூன்றுக்கு இரண்டு என்று தோற்கடித்தது. மறுநாள் செக்‌ஷன் ஆபீசர் துக்கத்தில் டீகூடக் குடிக்கவில்லை. எங்கள் சென்டர் ஃபார்வர்டு மட்டும் நொண்டிக்கொண்டே சந்தோஷமாக என் மேஜைக்கு வந்தான்.

"பாத்தீங்களா சார், இத்தாலியோட மூணு கோலும் ஒரே ஆளு! ரெண்டு வருசம் ஆடக்கூடாதுன்னு ஒக்கார வச்சிருந்தாங்க சார் அந்த ஆளை. ரெண்டு வருசம்! எனக்கு ஆறு மாசம்தானே. நம்ம லீவு இன்னா ஆச்சு?"

"மேல போயிருக்கு" என்றேன்.

"நீங்க எழுதினதாச்சே. வந்துரும்."

வந்தது. தற்காலிக ஊழியரைக் காரணம் சொல்லாமல் ஒரு மாத நோட்டீஸில் அனுப்ப விதி உண்டு. அந்த நோட்டீஸை வரையும் வேலையும் எனக்கே. நான்கு வரி, ஒரு உவமைகூட இல்லை. அன்று மத்தியானம் செக்‌ஷன் ஆபீசர் அவனைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தார். நான் கேன்டீனில் இருந்தேன். பசி இல்லை. இருந்தாலும் அங்கேதான் இருந்தேன்.

ஆகஸ்டில், அவன் டெல்லியில் இருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை, முனிர்காவுக்குப் போனேன். புழுக்கம் சகிக்கவில்லை. சந்தில் எருமைகளைத் தாண்டி, மாடியில் அவர்கள் அறை. கட்டிலைக் கீழ்வீட்டு ஜாட் சாதிக்காரருக்கு விற்றிருந்தார்கள். இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவில் அவன் மனைவி பாத்திரங்களைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒன் வேலை போனது என்னாலதான்ப்பா. அந்த மனுவாலதான்."

"தெரியும் சார். எஸ்.ஓ. ஃபைலைத் தெறந்து காட்டினாரு. பக்கத்துல ஒக்காத்தி வச்சி, தமாசா இந்தில அர்த்தம் வேற சொன்னாரு." காலைத் தடவிக்கொண்டான். "சூப்பரா எழுதிருந்தீங்க சார். கேட்டுட்டு எனக்கே, யாரோ பாவம், இவன் இன்னா ஆவான்னு இருந்துச்சி."

அவன் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் நிமிராமல் சொன்னாள். "நான் பத்தாவது பாஸ்ணே. கையெழுத்துப் போடறதுக்கு மின்னாடியே படிச்சேன். பாதிதான் புரிஞ்சிச்சி. டாக்டர் சொன்னது ஒண்ணுகூட இல்லியேன்னு கேட்டேன். சார் பெரிய படிப்பாளி, ஒனக்கு இன்னா தெரியும், மூடிக்கினு இருன்னாரு." புடவையை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "இருந்தேன்."

"சும்மா இரும்மே. சார், கால்ல இப்ப வலியே இல்ல, பாருங்க" என்று எழுந்து நின்றான். முழங்காலை மடக்கி, குதிகாலைப் பின்பக்கம் தொட்டுக் காட்டினான். ஆறு மாதம்கூட ஆகவில்லை. முழுசாக மடங்கியது.

மெட்ராஸில் ஒரு தொழிற்சாலை டீமுக்கு ஆள் எடுப்பதாக அவன் மச்சான் எழுதியிருந்தான். அதற்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். பழக்க தோஷத்தில் என் கை சட்டைப்பைப் பேனாவுக்குப் போயிற்று.

"வேணாண்ணே" என்றாள் அவள். "அவரே எழுதட்டும்."

பெட்டியின்மேல் காகிதத்தை வைத்து அவனே எழுதினான். மூன்று வரி. நான் சென்டர் ஃபார்வர்டு, இன்ன வயது, முட்டி நன்றாக இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு தப்பு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தபால்பெட்டியில் போடவும் என்னிடம் தரவில்லை. அவளே மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ரயில் ஏறினார்கள். வழியனுப்ப நான் போகவில்லை, ஆபீஸ் இருந்தது. அவனுக்கு வேலை கிடைத்ததா, மறுபடி ஆடினானா, ஒன்றும் தெரியாது. ஒரு கார்டு எழுதிக் கேட்டிருக்கலாம். எழுதவில்லை; என் எழுத்து எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.