பவானி நூல் பிடித்த கார்

தீவின் வடகோடியிலிருக்கும் திக்லிபூரில் ஓர் அரசு அலுவலகத்தில் பவானி பத்தொன்பது வருடமாகச் சர்வே வேலை பார்க்கிறாள். மழையில் கரைந்த சாலைகளை அளந்தே பாதி ஆயுள் போய்விட்டது. நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டப் பழகினாள். பழைய சின்னக் கார் ஒன்றும் வாங்கினாள்.

ஆகஸ்ட் மழையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதிலிருந்து கார் இடது பக்கம் இழுத்தது. இரண்டு மாதத்துக்குள் முன்டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மொழுக்கென்று தேய்ந்துபோயின. புது டயர் கப்பலில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதை மாட்டிய பிமல் வங்காளி மெக்கானிக். இந்தி கலந்த கடைத்தெருத் தமிழ் பேசுவான்; அவளை அக்கா என்ற பொருளில் 'தீதி' என்பான்.

"சக்கரத்த நேராக்குற அலைன்மென்ட் மெஷின் போர்ட் பிளேர்லதான் தீதி. இங்க நஹீ ஹோகா, முடியாது. இப்படியே ஓட்டுனா இந்த டயரும் தேஞ்சு கதம்."

போர்ட் பிளேர் முந்நூறு கிலோமீட்டர். கோணல் சக்கரத்தோடு அவ்வளவு தூரம் போக அவளுக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் ஷெட்டின் சிமென்ட் தரையில், காரின் இரு பக்கமும் கம்பிகளை நிறுத்தி மீன்பிடி நைலான் நூலைச் சக்கரத்தின் நடு உயரத்தில் இழுத்துக் கட்டினாள். இரண்டு நூலும் இணையாக நிற்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. முன்சக்கரங்கள் தாராளமாகத் திரும்ப, நடுவில் கிரீஸ் தடவிய இரண்டிரண்டு டைல்ஸை அடியில் வைத்தாள். கணவர் சுரேந்தர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் அளந்தாள். இடது சக்கரம் நாலு மில்லிமீட்டர் வெளியே விரிந்திருந்தது, வலது இரண்டு. படுத்தபடி, சக்கரத்தைத் திருப்பும் இடப்பக்கத்து ராடின் நட்டைத் தளர்த்தி, அரைச்சுற்று திருப்பிவிட்டு மறுபடி அளந்தாள். நாலு ஏழாகியிருந்தது.

"பிமலைக் கூப்பிடட்டுமா?" என்றார் சுரேந்தர்.

"வேணாங்க. தப்பான பக்கம் எதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனி மத்த பக்கந்தான?"

அவர் இருக்கையில் காலை மாற்றிப் போட்டார். கால் மரத்துப்போயிருந்தது.

ஒவ்வொரு திருப்பலுக்கும் சக்கரத்தை இரு பக்கமும் அசைத்து நேராக்கி அளந்ததில் பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. கடைசியில் இரண்டு சக்கரமும் அரை மில்லிமீட்டர் உள்நோக்கி நின்றன. அது போதும் என்று நட்டை இறுக்கினாள்.

அன்று மாலை காளிப்பூர் சாலையில் ஆளில்லாத நேர்பாதையில் ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாக எடுத்தாள். கார் எந்தப் பக்கமும் போகவில்லை.

"ஸ்டியரிங் கொஞ்சம் சாஞ்சு நிக்குதே?" என்றார் சுரேந்தர்.

"ரெண்டு ராடையும் சமமா நகர்த்தணும். அடுத்த லீவுல பாத்துக்கலாம்."

இரண்டு மாதம் கழித்து கிளட்ச் கேபிள் மாற்றப் போனபோது பிமல் டயரின் உள்விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். தேய்மானமே இல்லை; பவானி நூல் கட்டி அளந்த கதையைச் சொல்லச் சொல்லக் கேபிளை மாட்டி முடித்தான். சாவியைக் கொடுக்கும்போதுதான் கேட்டான்:

"தீதி, எத்தன மீட்டர் நூல் வாங்கணும்?"