தம்பியின் ஹார்ட் டிஸ்க்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிஃபாய் நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகள் எல்லாம் பானுப்பிரியாவின் மேசைக்குத்தான் வரும். நயினார்கோவிலிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவாள். பரமக்குடியில் டிப்ளமோ படித்தவள். டிஸ்க் வேலையைக் கடைக்கு வந்துதான் கற்றுக்கொண்டாள்.

டிஸ்க்கைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டோ சண்டைக்கு நிற்பவர்கள் போலவோ வருவார்கள். கல்யாண வீடியோ போச்சு, பிள்ளை பிறந்த போட்டோ போச்சு என்பார்கள். பானு தண்ணீர் பாட்டிலை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"வேற எதுலயாச்சும் காப்பி போட்டு வச்சிருக்கீங்களா?"

யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

அவளுடைய தம்பி பாண்டித்துரை சவூதியில் சாரம் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாளில், படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று பேப்பரில் எழுதியிருந்தது. உடம்பு மதுரை விமான நிலையத்துக்கு வந்தது. ஊரே அழுதது. பானு அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள், சாமியானாக்காரனுக்குப் பதில் சொன்னாள், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குக் கிளம்பினாள். 'கல்லு மாதிரி இருக்கா பாரு' என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தாள்.

சில வாரம் கழித்து, கம்பெனி அனுப்பிய அட்டைப்பெட்டி வந்தது. நாலு சட்டை, ஒரு போர்வை, திரை உடைந்த லேப்டாப். போன் வரவில்லை. அதை யார் எடுத்தார்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை.

லேப்டாப் ஆன் ஆகவில்லை. அய்யா, அவளுடைய அப்பா பொன்னுச்சாமி, யாரிடமோ கேட்டுவிட்டு, ஈரம் இழுக்கும் என்று அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தார். பானு வந்து பார்த்தபோது ஓரமெல்லாம் தவிடு.

"ஈரத்துல கெட்டதில்லய்யா இது. வார வழியில எங்கயோ விழுந்துருக்கு."

"உள்ள இருக்குறத நீ எடுத்துருவேல்ல? அதுதான உன் வேல?"

அவள் தலையாட்டினாள். ஆத்திரமோ பயமோ எதுவும் வரவில்லை. திருகாணிகளைக் கழற்றி, டிஸ்க்கை மட்டும் எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடையில் அதை மெஷினில் மாட்டிக் காதை அருகில் வைத்துக் கேட்டாள். சுற்றியது. நடுநடுவே 'டிக்' என்று தட்டியது. உடனே கரண்டை நிறுத்தினாள். தட்டுகிற டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் இருப்பதும் போய்விடும்.

ரிஃபாய் பக்கத்தில் வந்து நின்றார். "மெட்ராஸுக்கு அனுப்பிருவோமாம்மா? அங்க டிஸ்க்கத் தொறந்தே பாப்பாங்க. நீ இதுல கை வைக்கணுமா?"

"மொதல்ல இங்கன பாக்குறேன் பாய். கொஞ்சம் படிக்குது."

எல்லாருக்கும் செய்வதைத்தான் செய்தாள். ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேடாமல், அதிலிருப்பதை அப்படியே துண்டு துண்டாக வேறொரு நல்ல டிஸ்க்குக்கு இழுத்தாள். படிக்க முடியாத இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, தாண்டிப் போய்விட வேண்டும். நல்ல இடம் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டாள். இடையில் மற்றவர்களின் வேலையையும் பார்த்தாள். சாயல்குடியிலிருந்து வந்த ஒருவருடைய பென் டிரைவைச் சரிசெய்து கொடுத்தபோது அவர் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் டிஸ்க் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. அதற்குள் பாதிக்கு மேல் வந்திருந்தது.

வந்ததைத் திறந்து பார்த்தாள். சினிமாப் படங்கள். கிரிக்கெட். கம்பெனியின் பாதுகாப்புப் பயிற்சிப் படம். சாப்பாட்டுத் தட்டின் போட்டோக்கள். அவன் முகம் இருந்த போட்டோக்கள் பாதி சாம்பல் நிறக் கோடாகிவிட்டிருந்தன. கடைசியாக ஒரு வீடியோ கிடைத்தது.

அந்தச் சாயங்காலம் வீட்டில் அம்மா இருளம்மாள், பானு கடையிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் மகன் பேசியது அவளுடைய பட்டன் போனில்தான். பேசி முடித்தால் எதுவும் மிஞ்சாது. அவன் இறந்த பிறகு குரலைக் கேட்கவே இல்லை.

வீடியோவில் அவன் இல்லை. சுவரில் ஒரு ஏசி, அதிலிருந்து சொட்டும் தண்ணீர், கீழே நனைந்த மெத்தை. படம் பிடிக்கிறவனின் கை ஒருமுறை குறுக்கே வந்து தண்ணீரைச் சுட்டிக்காட்டியது. குரல் இந்தியில் பேசியது. பானுவுக்குக் கொஞ்சம் இந்தி புரியும்.

"தம்பிதான்" என்றாள் அம்மா. "என்னத்த பேசுறான்?"

"ஏசியில தண்ணி ஒழுகுதாம். படுக்க முடியலன்னு மேனேஜர்ட்ட சொல்றாம்மா."

குரல் நடுவில் அறுந்தது. படம் அசையாமல் நின்று, பிறகு ஓடியது.

"இந்த எடத்துல என்ன சொன்னான்?"

"அந்த எடம் படிக்கல. வராது."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒழுகுனதச் சரி பண்ணிக் குடுத்தாங்களா?"

"தெரியலம்மா."

அய்யா எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் பானு எல்லாவற்றையும் மூன்று காப்பி போட்டாள். ஒன்று வீட்டு பீரோவில். ஒன்று கடை லாக்கரில். மூன்றாவதை சாயல்குடியில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா கனகலட்சுமியிடம் கொண்டுபோனாள். வீடு தீப்பிடித்தாலும் கடைக்குள் தண்ணீர் வந்தாலும் ஒன்றாவது மிஞ்சும். வாடிக்கையாளர்களிடம் சொல்வதையே அக்காவிடமும் சொன்னாள்: "வருஷத்துக்கு ஒருக்கா மாட்டி ஓடுதான்னு பாரு. சும்மா கெடந்தாலும் கெட்டுப்போகும்."

"நீ அழவே இல்லையேடி" என்றாள் அக்கா.

"வரலக்கா."

அக்கா சோறு போட்டாள். பானு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

இப்போதும் அம்மா சில நாள் அந்த வீடியோவைப் போடச் சொல்வாள். பானு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்க் கத்தரிக்காய் நறுக்குவாள். கேட்டுக் கேட்டு, அம்மாவுக்கும் இரண்டு மூன்று இந்தி வார்த்தைகள் பழகிவிட்டன. அவன் தண்ணீரைச் சுட்டிக்காட்டும் இடத்தில் 'பானி, பானி' என்று அவனோடு சேர்ந்து சொல்லிக்கொள்வாள்.